வாசகர் கேள்வி – பதில்: ஐந்து இளையோர் நாவல்கள், ஐந்து அட்டைகள்

இவ்வாண்டின் இறுதியில் வெளிவரவிருக்கும் ஐந்து இளையோர் நாவல்களின் அட்டை வரைவுகளைச் சென்ற இதழில் வெளியிட்டு, வாசகர்களின் கருத்தைக் கேட்டிருந்தோம். ஐந்தும் நம் மலேசிய நாட்டு எழுத்தாளர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. தலைப்புகள் இன்னும் முடிவாகாததால் எண்களால் மட்டும் குறிப்பிடுகிறோம். முதல் அட்டையில் காற்றில் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் முகம் இருந்தது. இரண்டாவதில் மோட்டார் சைக்கிளில் செல்லும் ஓர் இளைஞனும் பெண்ணும் முதுகுப் பக்கமாகத் தெரிந்தனர். மூன்றாவது, பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தைப் போல் அமைந்த, எழுத்து மட்டுமே கொண்ட அட்டை. நான்காவதில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் தந்தையும் அருகில் மகனும் நின்றனர். ஐந்தாவதில் இரவு நேரத்து வரிசை வீடுகளும் அவற்றுள் விளக்கெரியும் ஒரே ஒரு சன்னலும் இருந்தன. ஐந்து கைப்பிரதிகளையும் முழுமையாக வாசித்துவிட்டே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முதல் அட்டையில் இருக்கும் பெண் மிகவும் அழகாக இருக்கிறாள், ஐயா. ஆனால் அவள் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கில் படிப்பவள் என்று நீங்கள் குறிப்பு எழுதியிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர்கூட அந்த நிறத்தில் இல்லை. அவள் அணிந்திருக்கும் சீருடையும் எங்களுடையது இல்லை. எனக்கு மட்டும்தான் இது உறுத்துகிறதா?
– படிவம் நான்கு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, மகளே. இந்த அட்டையைப் பற்றித்தான் நிறையக் கடிதங்கள் வந்தன. வெளிர்நீலச் சட்டை, கழுத்துப்பட்டை, ரிப்பன் வைத்துக் கட்டிய இரட்டைப் பின்னல் என்று ஓவியர் வரைந்திருப்பது தமிழ்நாட்டுப் பள்ளி மாணவியை. வெள்ளைச் சட்டைக்கு மேல் நீலப்பச்சைப் பினாஃபோரோ, வெள்ளை பாஜு கூரோங் நீள்சட்டையும் நீலப்பச்சைக் காயின் பாவாடையுமோ அணிந்து ஒவ்வொரு நாளும் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை போலும்.

சீருடையைத் திருத்துவது எளிது. நிறத்தில் நடந்திருக்கும் பிழை அதைவிடப் பெரியது. அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில், வெயிலில் வலைப்பந்து ஆடினால் இன்னும் கறுத்துப்போவாய், அப்புறம் யார் கட்டுவார்கள் என்று பாட்டி தடுக்கிறார். அவள் கேட்காமல் ஆடப் போகிறாள். கதை முழுவதும் இந்தப் பிணக்கின் மீதுதான் நடக்கிறது. அப்படியிருக்க, அவளை வெளுப்பாக்கி அட்டையில் நிறுத்தும்போது, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அட்டை பாட்டியின் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவரவிருந்த ஓர் இளையோர் நாவலில் கதை சொல்பவள் குட்டை முடி கொண்ட கறுப்பினப் பெண். அட்டையிலோ நீண்ட கூந்தலுடன் ஒரு வெள்ளையினப் பெண் இருந்தாள். நூலாசிரியரே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார், வாசகர்களும் சேர்ந்துகொண்டார்கள், பதிப்பகம் புத்தகம் கடைக்கு வருவதற்குள் அட்டையை மாற்றியது. அடுத்த ஆண்டே அதே பதிப்பகத்தின் மற்றொரு நாவலில் அதே தவறு நேர்ந்து, அந்த அட்டையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேட்டால் மாற்றுவார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கறுப்பு நிறம் அச்சில் சரியாக வராது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. தாளில் மை சற்றே பரவுவதால், கரும்பழுப்பு முகத்தின் நிழற்பகுதிகள் அடைத்துக்கொண்டு, கண்ணும் மூக்கும் பிரிந்து தெரியாமல் போய்விடக்கூடும். அதற்கு வழி முகத்தை வெளுப்பது அன்று. நிழலில் மையின் அளவைக் குறைத்து, நூல் அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு மாதிரிப் படி எடுத்துப் பார்த்து, மறுபடி திருத்துவதே வழி. அதற்கு வேண்டியது கூடுதலாக ஒரு நாள்.

முகமே வேண்டுமா என்றும் ஒரு வாசகி கேட்டிருந்தார். முகம் வலிமையானது. கல்கி இதழில் 1950களில் வந்த சரித்திரத் தொடருக்கு ஓவியர் மணியம் கொடுத்த முகங்களைத் தவிர வேறு முகத்தை அந்தப் பாத்திரங்களுக்குப் பொருத்திப் பார்க்கவே நம் மூத்த தலைமுறையால் இயலவில்லை. அவ்வளவு பொருத்தமான முகம் அமையாவிட்டால், வலைப்பந்துத் திடலில் வெயிலைப் பார்த்தபடி, ஆட்டநிலையைக் குறிக்கும் எழுத்து முதுகில் தெரிய அவள் நிற்கட்டும். கழுத்தின் நிறமும் கைகளின் நிறமும் போதும். அவள் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நான்காவது படத்தில் மரப்பட்டையில் வெட்டிய கோடு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது. நாற்பது வருடம் மரம் சீவியவன் நான். எந்தத் தோட்டத்திலும் அப்படிக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை. மேலும் உச்சி வெயிலில் யார் பால் வெட்டுவார்கள்? இதையெல்லாம் பார்க்காமலா புத்தகம் போடுகிறார்கள்?
– முன்னாள் தோட்டப் பாட்டாளி, வயது 72, லிந்தாங்

பதில்: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வரைவை எடுத்து மறுபடி பார்த்தேன். நானும் தோட்டத்து லயத்தில், பாட்டாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். ஆயினும் அதைக் கவனிக்காமல் விட்டது என் பிழை.

இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. மேலே போகப் போகச் சற்று வலப்புறம் சாய்ந்து மரத்தைச் சுற்றுகின்றன. ஆகவே மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் கோடு விழுந்தால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய இறங்கும். நேரமும் அப்படியே. விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பால் குறைந்துவிடும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் இறங்கினார்கள். உச்சி வெயில் நேரத்தில் பால் வடியும் மங்குகளில் (கிண்ணங்களில்) இருந்த பால் வாளிக்கு மாறி, தோட்டத்துப் பால் ஸ்டோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

கோடு ஏன் திரும்பியது என்பதற்கு அட்டையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. தந்தையின் சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது. முதலில் சரியாக வரைந்த படத்தையோ, பார்த்து வரைந்த புகைப்படத்தையோ, கண்ணாடியில் தெரிவதுபோல் கணினியில் இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். தலைப்புக்கு ஒரு பக்கம் இடம் தேவைப்பட்டிருக்கும்.

இதைச் சிறு பிழை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மகனுக்குத் தந்தை மரம் சீவக் கற்றுக்கொடுப்பதுதான் அந்த நாவலின் நடுப்பகுதி. உளியை எப்படிப் பிடிப்பது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக மட்டும் பட்டையை எப்படிச் சீவுவது, உள்மரத்தில் உளி படாமல் கையை எங்கே நிறுத்துவது என்று மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும் அந்த நான்கு பக்கங்களை நான் இரண்டு முறை வாசித்தேன். அந்தத் தந்தை அட்டையில் தவறாகச் சீவிக்கொண்டு நிற்கலாகாது.

கேள்வி: தோட்டம், லயம், பால்மரம் என்றே எல்லாத் தமிழ்ப் புத்தகங்களின் அட்டையும் இருக்கின்றன. என் தாத்தா தோட்டத்தில் இருந்தார். நான் தாமானில் (நகர்ப்புறக் குடியிருப்பில்) பிறந்தேன். உளியை நான் தொட்டதுகூட இல்லை. ஐந்தாவது அட்டைதான் என் வாழ்க்கையைப் போல் இருக்கிறது. இப்படிச் சொல்வது தவறா?
– படிவம் ஐந்து மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: தவறே இல்லை, தம்பி. மேலே உள்ள பதிலை அத்தனை அக்கறையோடு எழுதியவன், உங்கள் கேள்வியையும் அதே அக்கறையோடு ஏற்க வேண்டும். 1960கள் முதற்கொண்டே ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் நம் ஊரைச் சேர்ந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகளே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். இருந்தும் பெரும்பாலோர் பிறகு தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தோம். லயத்தை நினைவில் வைத்திருப்பது தாத்தாவின் உரிமை. அதையே பேரனின் முகவரியாக அட்டைக்கு அட்டை எழுதிக்கொண்டிருப்பது சரியில்லை. தோட்டத்தில் நடக்கும் கதைக்குத் தோட்டத்து அட்டை, தாமான் கதைக்குத் தாமான் அட்டை. கதை கேட்பதைத்தான் அட்டை கொடுக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பிடித்த ஐந்தாவது அட்டையை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். கூரைகளின் மேல் புகைபோக்கி இருக்கிறது! நம் தாமானில் எந்த வீட்டில் புகைபோக்கி இருக்கிறது? குளிர்நாட்டு வீடுகளை வரைந்த ஆயத்தப் படம் ஒன்றை விலைக்கு வாங்கி, நீலம் பூசி, இரவாக்கியிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து கைப்பேசிகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் பையனின் கதை அது. இரும்புக் கிராதிக் கதவு, கார் நிறுத்துமிடத்தில் உலராமல் தொங்கும் பள்ளிச் சட்டை, கூரையோரத்தில் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வட்டில், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள், சுவரிலுள்ள சிறிய சாமி மேடையில் அணைந்த விளக்கு ஆகியவற்றுள் இரண்டை வரைந்தாலே போதும். மற்ற வீடுகளெல்லாம் இருண்டிருக்க ஒரே சன்னலில் வெளிச்சம் என்ற எண்ணம் மிக அருமையானது. அதை மாற்ற வேண்டாம்.

கேள்வி: பதின்மூன்று வயது மகளுக்குத் தாய் நான். இரண்டாவது அட்டையைப் போன்ற காதல் புத்தகத்தை அவளுக்கு எப்படி வாங்கிக் கொடுப்பது?
– இல்லத்தரசி, சலாக்

பதில்: சகோதரி, அவர்கள் இருவரும் அண்ணனும் தங்கையும். இரவு வகுப்பு முடிந்து வரும் தங்கையை அண்ணன் ஏற்றிக்கொண்டு வருகிறான். வழியில் நடக்கும் ஒரு விபத்திலிருந்து கதை தொடங்குகிறது. தாங்கள் காதல் கதை என்று எண்ணியது தங்கள் தவறன்று, அட்டையின் தவறு. அந்தி வானத்தையும் பறக்கும் துப்பட்டாவையும் பார்த்தால் யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். இருவரும் தலைக்கவசம் அணியாமல் செல்வதையும் பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். விபத்தைப் பற்றிய நூலில் அது பொறுக்கத்தக்கதன்று. நாவலைத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: மூன்றாவது அட்டை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதன் பின்பக்கக் குறிப்பில் ‘கொ’, ‘தெ’ போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் வராமல் பின்னால் வந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது ஏன் நடக்கிறது?
– தமிழாசிரியை, சிம்மோர்

பதில்: இதைக் காணும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு பதைக்கிறது. ஒருங்குறியில் ‘தெ’ என்பதைத் தட்டச்சு செய்தால் கணினிக்குள் முதலில் மெய்யும் அடுத்துக் கொம்பும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை நாமே தேர்ந்தெடுத்தாலொழிய அந்த வேலை நடப்பதில்லை; சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் வந்து விழுகின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையாகவே தோன்றாது. எனவே அச்சுக்கு அனுப்பும் இறுதிக் கோப்பைத் தமிழ் தெரிந்த ஒருவர், திரையில் அல்லாமல் தாளில், ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாக வேண்டும். முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளையும், உலகெங்கும் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்ற தமிழ் எழுத்துருக்களையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாடு இது. இங்கே அச்சாகும் நூலில் கொம்பு இடம் மாறி நிற்பது மிகவும் வருந்தத்தக்கது.

அட்டையைப் பொறுத்தவரை, ஐந்தில் மிகச் சிறந்தது இதுவே என்பது என் முடிபு. தேர்வுக்கு முதல் நாள் காணாமல் போன பயிற்சிப் புத்தகம் ஒன்றைத் தேடும் கதைக்கு, நூலே அந்தப் பயிற்சிப் புத்தகமாக மாறி வாசகரின் கைக்கு வருகிறது. தலைப்பு எழுத்துருவால் அல்லாமல் கையால் எழுதப்பட்டிருக்கிறது. ‘ழ’வின் சுழியில் பேனா சற்று நின்று மை ஊறியிருப்பதுகூடத் தெரிகிறது. கோயில் மண்டபத்தில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஐந்து அட்டைகளையும், கைப்பேசித் திரையில் தெரியும் கட்டைவிரல் அளவிலும் நூலின் முழு அளவிலும் அச்சிட்டுக் கொடுத்தேன். சிறிய அளவில் தலைப்பைப் படிக்க முடிந்தது மூன்றாவதிலும் ஐந்தாவதிலும்தான். மற்றவற்றில் மெல்லிய கோடுகள் மறைந்து, ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிட்டன. இன்றைய பிள்ளைகள் நூலை முதன்முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

கேள்வி: ஆங்கில இளையோர் நாவல்களின் அட்டைகளைப் போல் நம்முடையவை ஏன் பளபளப்பாக இல்லை?
– கல்லூரி மாணவி, ஈப்போ

பதில்: எழுத்தைப் பொன்தாளால் பொறிப்பதும், தலைப்பில் மட்டும் பளபளப்புப் பூச்சும் செலவு பிடிப்பவை, சில நூறு படிகளே அச்சாகும் நூலுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அழகுக்கு அவை கட்டாயமில்லை. 1935இல் பெங்குவின் நிறுவனம் மலிவு விலை நூல்களைத் தொடங்கியபோது அட்டையில் படமே இல்லை. புனைகதைக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று பட்டை நிறங்களும் தெளிவான எழுத்துகளும் மட்டுமே இருந்தன. இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டே நிறத்தில் மிகச் சிறந்த தமிழ் அட்டையை நம்மால் செய்ய முடியும்.

கேள்வி: நான்காவது அட்டையை வரைந்தவன் நான்தான், ஐயா. இது என் முதல் அட்டை. எனக்குக் கொடுத்தது பத்து வரிக் கதைச்சுருக்கமும் ஒரு புகைப்படமும் மட்டுமே. தலைப்புக்கு இடம் வேண்டும் என்றதால் படத்தைத் திருப்பினேன். மரம் சீவுவதை நான் நேரில் பார்த்ததில்லை. திருத்தி வரைய இரண்டு வாரம் கிடைத்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?
– இளம் ஓவியர், ஈப்போ

பதில்: தம்பி, லிந்தாங் அண்ணனின் கடிதத்தை அச்சுக்கு முன்பே உங்களுக்கு அனுப்பிவைத்தேன், அதை மனத்தாங்கலின்றி ஏற்றுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். பிழையின் பெரும்பகுதி உங்களுக்கு முழுக் கைப்பிரதியைத் தராதவர்களுடையது. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். மகனின் மணிக்கட்டைத் தந்தை பிடிக்கும் அந்தப் பக்கங்களை வாசித்தால், இருவரையும் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

தொழில்நுட்பத்தில் மூன்று செய்திகள். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். 80 கிராம் தாளில் 160 பக்க நூலின் முதுகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்தான் வரும். அதில் அலங்காரம் எதுவும் வேண்டாம், தலைப்பு மட்டும் போதும். திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் நான்கு நிற மையில் மங்கிவிடும் என்பதால், விடியலுக்கு முந்தைய அந்த நீலத்தைத் திரையை நம்பித் தேர்ந்தெடுக்காமல் தாளில் அச்சிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. அதை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது நல்லதுதான். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது சீவப்படும் மரம். லிந்தாங் அண்ணனின் உறவினர் ஒருவர் தம் சிறுதோட்டத்தில் இன்னும் பால் வெட்டுகிறார். வரும் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அங்கே உங்களை அழைத்துச் செல்லத் தயார் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கொசு மிகுதியாக இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நெற்றி விளக்கு ஒன்று கொண்டுவாருங்கள். அந்த வெளிச்சத்தில் பட்டையின் நிறம் எப்படி மாறுகிறது என்பதையும், புதிதாகச் சீவிய கோட்டில் முதல் பால் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதையும் அங்கேயே நின்று வரைந்துகொள்ளுங்கள். திருத்திய அட்டையை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.